‘பே லேட்டர்’ல வாங்குன 500 ரூபாய் பொருள்... சிபில் ஸ்கோர்ல அடி விழுமா? முழு விளக்கம்

ஆன்லைன்ல சட்டை வாங்கும்போதும் சரி, சாப்பாடு ஆர்டர் பண்ணும்போதும் சரி, பணம் கட்டும் பக்கத்தில் ‘பே லேட்டர்’ என்று ஒரு ஆப்ஷன் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓடிபி போட்டால் போதும், பொருள் வீட்டுக்கு வந்துவிடும். பணம் அடுத்த மாதம் கொடுத்தால் போதும். வசதிதான். ஆனால் அந்த ஓடிபி-யோடு சேர்த்து உங்கள் பான் எண்ணில் ஒரு கடன் கணக்கும் திறக்கப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து வீட்டுக் கடனுக்கோ, பைக் லோனுக்கோ வங்கிக்குப் போகும்போதுதான், ‘உங்க பேர்ல ஒரு பாக்கி இருக்கே’ என்ற கேள்வி வருகிறது. எந்த பாக்கி, யாரிடம் வாங்கியது என்றே ஞாபகம் இருக்காது. பே லேட்டர் கணக்குகள் கிரெடிட் ரிப்போர்ட்டை எப்படி பாதிக்கின்றன, அதில் இருந்து தப்பிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

பே லேட்டர் என்பது கடனா?

ஆமாம், கடன்தான். தெருமுனை மளிகைக் கடையில் அண்ணாச்சி நோட்டில் எழுதி வைத்து, சம்பளம் வந்ததும் கணக்கு முடிப்போமே, அது மாதிரிதானே என்று தோன்றும். ஆனால் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அண்ணாச்சி நோட்டு அந்தக் கடையைத் தாண்டிப் போகாது. பே லேட்டர் கணக்கு போகும்.

அமேசான் பே லேட்டர், ஃப்ளிப்கார்ட் பே லேட்டர், லேஸிபே போன்ற பெயர்களை ஆப்பில் பார்க்கிறோம். பொதுவாக இந்த மாதிரி சேவைகளில் ஆப் என்பது முகப்பு மட்டும்தான். பின்னால் பணம் கொடுப்பது ஒரு வங்கியோ, என்பிஎஃப்சி எனப்படும் வங்கி அல்லாத நிதி நிறுவனமோதான். நீங்கள் பொருள் வாங்கியதும் அந்த நிறுவனம் கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடுகிறது. அந்த நிமிஷத்தில் இருந்து நீங்கள் கடன்பட்டிருப்பது கடையிடம் அல்ல, அந்த நிறுவனத்திடம்.

வட்டி இல்லை என்று சொன்னாலும் அது கடன்தான். 15 நாளுக்கு ஒரு முறை பில் வந்தாலும் கடன்தான். தொகை 200 ரூபாயாக இருந்தாலும் கடன்தான்.

கிரெடிட் ரிப்போர்ட்டை யார் தயாரிக்கிறார்கள்?

நம்ம ஊரில் எல்லோரும் ‘சிபில்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் நான்கு இருக்கின்றன. டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகியவைதான் அவை. 2005ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை செயல்படுகின்றன.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் வாடிக்கையாளர்களின் கடன் விவரங்களை இந்த நான்குக்கும் அனுப்புகின்றன. அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு ஸ்கோர் போடப்படுகிறது. ஸ்கோர் என்பது பரீட்சை மார்க் மாதிரி. ரிப்போர்ட் என்பது விடைத்தாள் மாதிரி. கடன் கொடுக்கிறவர் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, விடைத்தாளையும் புரட்டிப் பார்ப்பார். சின்ன பே லேட்டர் பாக்கிகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

சின்னத் தொகையைக் கூட ரிப்போர்ட் பண்ணுவாங்களா?

பண்ணுவார்கள். இதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். ‘ஆயிரம் ரூபாய்க்கெல்லாம் யாரு சிபில்ல போடப் போறா’ என்ற எண்ணம் இனிமேல் சரிப்பட்டு வராது.

2022 செப்டம்பர் 2ஆம் தேதி ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆப் மூலம் கொடுக்கப்படும் எந்தக் கடனாக இருந்தாலும், அதன் தன்மை என்ன, எத்தனை நாளைக்கானது என்ற பேதம் இல்லாமல் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டது. கடைகள், ஷாப்பிங் தளங்கள் வழியாகக் கொடுக்கப்படும் குறுகிய காலக் கடன், தள்ளிப்போட்டுக் கட்டும் வசதி ஆகியவையும் இதில் அடங்கும் என்பதையும் தனியாகக் குறிப்பிட்டிருந்தது. 2025 மே மாதம் வெளியான டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களில் இந்த விதிகள் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன.

இன்னொரு முக்கியமான மாற்றம் 2025 ஜனவரி 1 முதல் வந்தது. அதற்கு முன்பு கடன் விவரங்கள் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தன. அந்தத் தேதி முதல் 15ஆம் தேதி நிலவரமும், மாதக் கடைசி நிலவரமும் என மாதம் இரண்டு முறையாவது போக வேண்டும் என்று ஆனது.

இதனால் நமக்கு என்ன? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5ஆம் தேதி கட்ட வேண்டிய தொகையை நீங்கள் 20ஆம் தேதி கட்டுகிறீர்கள். மாதக் கடைசி நிலவரம் மட்டும் போன காலத்தில், 30ஆம் தேதி பார்க்கும்போது பாக்கி இல்லை. தாமதம் கண்ணில் படாமல் போக வாய்ப்பு இருந்தது. 15ஆம் தேதி நிலவரமும் போனால், 10 நாள் தாமதம் என்று பதிவாகிவிடும். ‘மாசக் கடைசிக்குள்ள கட்டிட்டா தெரியாது’ என்ற கணக்கு இனி எடுபடாது.

எந்தெந்த வழிகளில் ஸ்கோர் பாதிக்கும்?

1. தாமதமாகக் கட்டுவது

இதுதான் மிகப்பெரிய அடி. ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மாதவாரியாக ‘டிபிடி’ என்று ஒரு எண் இருக்கும். கெடு தேதி தாண்டி எத்தனை நாள் ஆகிறது என்பதைக் காட்டும் எண் அது. 000 என்றால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள். 030 என்றால் 30 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டிவிட்டால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் 499 ரூபாய் பாக்கியா, 4 லட்சம் ரூபாய் பாக்கியா என்பது எழுதப்படுவதில்லை. நாள் கணக்குதான் எழுதப்படுகிறது. தொகை வேறு இடத்தில் இருக்கும். ஆனால் ‘இவர் சொன்ன தேதிக்குக் கட்டாதவர்’ என்ற பெயர் விழுந்துவிடும். சிபில் ரிப்போர்ட்டில் இந்த வரலாறு 36 மாதங்கள் வரை தெரியும்.

2. அடிக்கடி விண்ணப்பிப்பது

பே லேட்டர் வசதியை ஆக்டிவேட் செய்யும்போது கடன் கொடுக்கும் நிறுவனம் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்க்கலாம். அது ‘என்கொயரி’ என்று பதிவாகும். ஒன்றிரண்டு இருந்தால் பிரச்னை இல்லை. ஒரே மாதத்தில் நான்கு ஆப்பில் ஆக்டிவேட் செய்தால், ‘இவருக்கு ஏன் இவ்வளவு அவசரமாகப் பணம் தேவைப்படுகிறது’ என்ற சந்தேகம் வரும். 100 ரூபாய் கேஷ்பேக்குக்கு ஆசைப்பட்டு ஆக்டிவேட் செய்தாலும் இதேதான்.

நீங்களே உங்கள் ஸ்கோரைப் பார்ப்பது இந்தக் கணக்கில் வராது. அதனால் ஸ்கோர் குறையாது.

3. நிறைய சின்னச் சின்னக் கடன்கள்

சில நிறுவனங்கள் மொத்த வரம்பையும் ஒரே கணக்காகக் காட்டும். சில நிறுவனங்கள் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளையும், ஒவ்வொரு இஎம்ஐ-யையும் தனித்தனிக் கடனாகக் காட்டும். இரண்டாவது வகையில், ஒரு வருஷத்தில் 10 பொருள் வாங்கினால் ரிப்போர்ட்டில் 10 கடன்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒழுங்காக முடிக்கப்பட்டிருந்தாலும், அடமானம் இல்லாத சின்னக் கடன்களை நம்பியே ஓட்டுகிறார் என்ற எண்ணத்தை அது உண்டாக்கலாம்.

4. கடன் வாங்கும் தகுதி குறைவது

மாதச் சம்பளத்தில் ஏற்கனவே எவ்வளவு கடனுக்குப் போகிறது என்று பார்த்துத்தான் புதுக் கடன் தருவார்கள். சம்பளம் 30,000 ரூபாய். மூன்று பே லேட்டர் இஎம்ஐ சேர்ந்து மாதம் 4,500 ரூபாய் போகிறது என்றால், வருமானத்தில் 15 சதவீதம் அங்கேயே காலி. ஸ்கோர் நன்றாக இருந்தாலும், கேட்ட லோன் தொகை முழுசாகக் கிடைக்காமல் போகலாம்.

தெரியாமலே பாக்கி விழும் இடங்கள்

வேண்டுமென்றே கட்டாமல் விடுபவர்கள் ஒரு பக்கம். மாட்டியது தெரியாமலே மாட்டுபவர்கள் இன்னொரு பக்கம். அவர்கள் சிக்கும் இடங்கள் இவை:

• பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். ரீஃபண்ட் பே லேட்டர் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் பில் தேதி வந்துவிடுகிறது. ‘பொருளே கையில இல்ல, நான் ஏன் கட்டணும்’ என்று விட்டால், கடன் கணக்கில் பாக்கி ஓட ஆரம்பிக்கும். கடைக்கும் உங்களுக்கும் உள்ள தகராறு வேறு, கடன் கொடுத்தவரின் கணக்கு வேறு.

• ஆட்டோ டெபிட் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தத் தேதியில் வங்கிக் கணக்கில் பணம் இல்லை. அங்கே வங்கியின் ரிட்டர்ன் கட்டணம், இங்கே தாமதக் கட்டணம் என இரட்டைச் செலவு. கூடவே ரிப்போர்ட்டில் கறை.

• பில் தொகையை முழுசாகக் கட்டினீர்கள். தாமதக் கட்டணமும் ஜிஎஸ்டி-யும் சேர்ந்து 40, 50 ரூபாய் மட்டும் விட்டுப்போனது. அந்த மிச்சம்தான் மாதக்கணக்கில் ‘ஓவர்டியூ’ என்று நிற்கும்.

• மொபைல் நம்பரை மாற்றிவிட்டீர்கள், ஆப்பையும் டெலீட் செய்துவிட்டீர்கள். நினைவூட்டல் மெசேஜ் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆப்பை அழித்தால் கணக்கு அழியாது.

• அண்ணன், தம்பி, நண்பர் யாராவது உங்கள் கணக்கில் வாங்கிக்கொண்டு ‘நான் கட்டிடுறேன்’ என்றார். அவர் கட்டாவிட்டால் பெயர் கெடுவது உங்களுக்கு மட்டும்தான்.

ஸ்கோர் குறைஞ்சா அப்படி என்ன நஷ்டம்?

பணக் கணக்கிலேயே பார்க்கலாம். ஒரு உதாரணத்துக்கு, 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன், 20 வருஷம். நல்ல ஸ்கோர் உள்ளவருக்கு 8.5 சதவீத வட்டி என்றால் இஎம்ஐ சுமார் 26,035 ரூபாய். ஸ்கோர் குறைவு என்று அரை சதவீதம் கூட்டி 9 சதவீதம் போட்டால் இஎம்ஐ சுமார் 26,992 ரூபாய். மாதம் 957 ரூபாய் வித்தியாசம். 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். ஒரு ஹெட்போன் பாக்கிக்கு இது ரொம்பப் பெரிய விலை.

வேலை விஷயத்திலும் இது குறுக்கே வரலாம். ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தை, கடன் வரலாறு சரியில்லை என்று சொல்லி வங்கி ரத்து செய்தது. அந்த முடிவு செல்லும் என்று 2025 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பே லேட்டர் தொடர்பான வழக்கு அல்ல. ஆனால் வங்கி வேலைக்குத் தயாராகும் இளைஞர்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எவ்வளவு கவனமாக வைத்திருக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை.

நல்லது எதுவுமே இல்லையா?

இருக்கிறது. இதுவரை கடனே வாங்காதவருக்கு ரிப்போர்ட் வெறுமையாக இருக்கும். அவர் ஒரு பே லேட்டர் கணக்கை அளவாகப் பயன்படுத்தி, தேதி தவறாமல் கட்டி வந்தால், அந்த நல்ல பழக்கமும் பதிவாகும். நல்லது, கெட்டது இரண்டையும் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் விதி.

ஆனால் ஸ்கோர் ஏற்றுவதற்காகவே தேவையில்லாத பொருளை வாங்க வேண்டாம். கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே 2025 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

நான்கு நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு இலவசமாகத் தர வேண்டும். அந்தந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலேயே வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒன்று என நான்கையும் மாற்றி மாற்றி எடுத்தால், வருஷம் முழுக்க செலவில்லாமல் கண்காணிக்கலாம்.

ரிப்போர்ட்டைத் திறந்ததும் பே லேட்டர் ஆப்பின் பெயரைத் தேடாதீர்கள். பல நேரம் அது இருக்காது. பின்னால் பணம் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். ‘இந்த கம்பெனிய நான் கேள்விப்பட்டதே இல்லையே’ என்று பதறும் முன், உங்கள் ஆப்பில் கடன் ஒப்பந்தத்தைத் திறந்து யார் கடன் கொடுத்தது என்று பாருங்கள். கன்ஸ்யூமர் லோன் அல்லது பர்சனல் லோன் என்ற தலைப்பில் அது வந்திருக்கலாம்.

அப்படியும் பெயர் பொருந்தவில்லை என்றால், உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் எடுத்திருக்கலாம். உடனே புகார் செய்யுங்கள்.

தவறான தகவல் இருந்தால் என்ன செய்வது?

• முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். பணம் கட்டிய ரசீதை இணையுங்கள். போனில் பேசினால் மட்டும் போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்.

• அதே நாளில், தவறு எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் இருக்கிறதோ, அதன் தளத்தில் ‘டிஸ்ப்யூட்’ பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. கடன் கொடுத்தவர் உறுதி செய்யாமல் அவர்களால் தாங்களாகத் திருத்த முடியாது. அதனால்தான் இரண்டு பக்கமும் புகார் தேவை.

• புகார் கொடுத்த 30 நாளுக்குள் பிரச்னை தீர வேண்டும். தீராவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்த விதி இது.

• அப்படியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்களும் 2022 செப்டம்பர் முதல் இந்தத் திட்டத்துக்குள் வருகின்றன. புகாருக்குக் கட்டணம் இல்லை. உதவி எண் 14448.

கட்ட முடியலைன்னா?

வேலை போய்விட்டது, ஆஸ்பத்திரி செலவு வந்துவிட்டது என்றால் ஒளிந்துகொள்ள வேண்டாம். தேதிக்கு முன்பே பேசி அவகாசம் கேளுங்கள். ‘பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்’ என்று அவர்கள் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். அப்படி முடித்தால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று வரும். முழுசாகக் கட்டினால் ‘க்ளோஸ்டு’ என்று வரும். இரண்டும் ஒன்று அல்ல. செட்டில்டு என்றால், வாங்கியதை முழுசாகத் திருப்பித் தரவில்லை என்று அர்த்தம். பே லேட்டர் மாதிரி சின்னத் தொகைக்கு, எப்படியாவது முழுசாகக் கட்டி முடிப்பதே புத்திசாலித்தனம்.

வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ, இரவு 7 மணிக்குப் பிறகோ போன் செய்யக் கூடாது. உங்கள் போனில் உள்ள கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோக்களையும் கடன் ஆப்கள் எடுக்கவும் கூடாது. மிரட்டினால் அதையும் எழுத்தில் புகார் செய்யுங்கள்.

கணக்கை முறையாக மூடுவது எப்படி?

பாக்கி முழுவதையும் கட்டுங்கள். ஆப்பிலோ மின்னஞ்சலிலோ ‘கணக்கை மூடுங்கள்’ என்று கோரிக்கை கொடுங்கள். ஆட்டோ டெபிட் அனுமதியை ரத்து செய்யுங்கள். பாக்கி இல்லை என்பதற்கான என்ஓசி சான்றிதழை வாங்கி பத்திரப்படுத்துங்கள். ஒன்றரை மாதம் கழித்து ரிப்போர்ட்டில் ‘க்ளோஸ்டு’ என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பை டெலீட் செய்வது இவை எல்லாம் முடிந்த பிறகுதான்.

மற்ற நாடுகளில் என்ன நிலை?

அமெரிக்காவில் பே லேட்டர் கடன்கள் ரொம்ப நாளாக ரிப்போர்ட்டுக்கு வெளியிலேயே இருந்தன. 2025 ஏப்ரல் முதல் அஃபர்ம் நிறுவனம் தன் கடன்கள் அனைத்தையும் எக்ஸ்பீரியனுக்குத் தெரிவிக்கத் தொடங்கியது. அதே வருஷம் ஜூனில், பே லேட்டர் விவரங்களையும் சேர்த்துக்கொள்ளும் புது ஸ்கோர்களை ஃபைகோ அறிவித்தது. ஆஸ்திரேலியாவில் 2025 ஜூன் 10 முதல் பே லேட்டர் சேவைகள் கடன் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. ஆக, ‘இது கடன் இல்லை, வசதிதான்’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆக்டிவேட் செய்துவிட்டு பயன்படுத்தவே இல்லை. பாதிப்பு வருமா?
பாக்கி இல்லாததால் தாமதம் என்ற பேச்சே இல்லை. ஆனால் கணக்கு ரிப்போர்ட்டில் இருக்கலாம். தேவையில்லை என்றால் மூடிவிடுவது நல்லது.

எடுத்த உடனே மனசு மாறிவிட்டது. வெளியே வர முடியுமா?
முடியும். டிஜிட்டல் கடன்களுக்குக் குறைந்தது ஒரு நாள் ‘கூலிங் ஆஃப்’ அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியேறலாம். ஆரம்பக் கட்டணத்தை மட்டும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்காமல் லிமிட்டை ஏற்றலாமா?
கூடாது. உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் வரம்பை உயர்த்தக் கூடாது என்பது விதி.

வீட்டுக் கடன் எடுக்கப் போகிறேன். இப்போது பே லேட்டர் பயன்படுத்தலாமா?
விண்ணப்பிக்கும் முன் ஆறு மாதமாவது புது பே லேட்டர் கணக்கு எதுவும் திறக்காமல் இருப்பது பாதுகாப்பு. பழைய சின்ன பாக்கிகளை முடித்துவிட்டு, ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பே லேட்டர் பட்டனை அழுத்தும் முன் மூன்று கேள்வி போதும். கடன் கொடுப்பது யார்? கட்ட வேண்டிய தேதி என்ன? அந்தத் தேதியில் என் கணக்கில் பணம் இருக்குமா? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் தாராளமாக வாங்கலாம். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும், யுபிஐ-யிலேயே பணத்தைக் கட்டிவிடுங்கள்.